சேராங்கொட்டைப் பத்தியம்

1936ஆம் ஆண்டு அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். விடியுமுன் பிடித்த தூறல் விடவில்லை. பல் துலக்கிவிட்டு அடுப்படிக்குள் போனேன். என் மனைவி உப்புச் சட்டியின் முன் உட்கார்ந்து, புளியை உப்புக் கல்லில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பத்தியத்தில் அது முப்பத்தோராம் நாள். நாற்பத்தெட்டு நாளுக்கு உப்பு, புளி, காரம், எண்ணெய் நான்கும் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு.

அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. ஆவணியில் என்னிடம் சொன்னபோது புளியங்கொட்டை அளவு இருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் பயந்தவன் நான்தான். அவள், "அறுத்தா அறுத்துட்டுப் போறாங்க" என்றாள். நான் கேட்கவில்லை. ஓமலூர்ப் பக்கத்து வைத்தியர் ஒருவரை அழைத்து வந்தேன்.

நல்ல மனிதர். சேராங்கொட்டையைப் பாலில் வேகவைத்து நஞ்சு போக்கி, நெய்யில் இறக்கி, காலையில் ஒரு வேளை கொடுத்தார். அந்தக் கொட்டையின் பால் பட்டு அவர் புறங்கையிலேயே மூன்று கொப்புளம் இருந்தது. மேலுக்கு ஒரு பச்சிலைப் பற்று. அதன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். கட்டிக்குப் போகிற சாரத்தை மருந்து அறுத்துவிடும், உடம்பு இளைத்தால் பயப்பட வேண்டாம், கூடவே கட்டியும் இளைக்கும் என்றார்.

நான் அப்போது திருச்செங்கோட்டில் ஒரு பருத்திக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், சாவி என்னிடம். அவளைக் கூட்டிப்போய்ப் பெரிய தராசில் உட்கார வைத்து எடை பார்ப்பேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வெல படியலீன்னா திருப்பி ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவீங்கல்ல?" என்பாள். முதல் ஞாயிறு தொண்ணூற்றெட்டு ராத்தல். பிறகு தொண்ணூற்றாறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தேழு. நாலு ஞாயிறில் பதினொரு ராத்தல் போய்விட்டது. கட்டியை நூல் வைத்து அளந்து முடிச்சுப் போட்டு வந்தேன். மூன்றாம் வாரம் முடிச்சு ஒரு நெல் அகலம் உள்ளே வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில், வைத்தியருக்குப் பேசிய பதினைந்து ரூபாயையும் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். இரவில் அவள் முனகுவது மட்டும் நின்றபாடில்லை.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அத்தனை கோபம். முப்பது நாள் காத்த பத்தியத்தை ஒரு கொட்டைப் புளிக்காக அழித்துவிட்டாளே என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

"சட்டியில எத்தன கல்லு கொறையுதுன்னு எண்ணிக்கோங்க."

"இன்னும் பதினேழே நாள், புள்ள. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"பதினேழு உங்க கணக்குங்க. எங்கணக்குல அத்தன நாளு இல்லீங்க."

சொல்லிவிட்டு விரலைச் சூப்பினாள். அவள் கையைப் பிடித்தேன். வளையல் முழங்கை வரை ஏறியது. முப்பது நாளாக எடை எழுதியவன் இந்தக் கையைப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

மறுநாளே வண்டி கட்டிச் சங்ககிரிக்குப் போய் ரயிலேறினோம். சேலத்தில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் நூலையும் எடைக் குறிப்பையும் பொறுமையாகப் பார்த்தார். கட்டி சிறுக்கவில்லை; பச்சிலை சுற்றியிருந்த நல்ல சதையைச் சுட்டு வீங்க வைத்ததால் அதன் ஓரம் உள்ளே மறைந்துவிட்டது என்றார். இளைத்ததற்கு ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்தக் கட்டி நிலத்துக்காரர் மாதிரிங்க. களத்துல தன் பங்கை முதல்ல அளந்து எடுத்துக்கும். நீங்க சோத்தைக் குறைச்சா இவங்க பங்குதான் குறையும்."

அறுவைக்கு முன் பன்னிரண்டு நாள் முட்டையும் பாலும் கறிச்சாறும் கொடுத்துத் தேற்றினார்கள். அறுவை நடந்த இரண்டே கால் மணி நேரம் வராந்தாவில் நடந்தேன். ஒரு தடவைக்கு நாற்பத்திரண்டு அடி. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, நான் சாப்பிட்டேனா என்பது. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

கட்டி திரும்பி வரலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருந்தார். வரவில்லை. அதன் பிறகு பதின்மூன்று வருடம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்து, மாரடைப்பில் போனாள்.

அறுவை நடந்ததைக் கேள்விப்பட்டு, அந்தத் தையிலேயே வைத்தியர் நேரில் வந்தார். தன் மருந்து தோற்றது என்று அவளிடமே ஒப்புக்கொண்டு ஐந்து ரூபாயைத் திருப்பி வைத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இப்போது செடிகளிலிருந்தே புற்றுக்கு மருந்து எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கிறேன். செடியில் சத்து இருப்பதை அவரும் அறிந்திருந்தார். அது எந்தச் சதையைச் சுடும், எதை விட்டுவைக்கும், எவ்வளவு கொடுத்தால் நோய்க்கு முன் ஆள் கரையும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முப்பத்தொரு நாளில் அதைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான்.

வைத்தியர் திருப்பித் தந்த ஐந்தைக் கழித்து, நெய், பால், வண்டி, ரயில், ஆஸ்பத்திரி, நான் தங்கிய சத்திரம் எல்லாம் சேர்த்து ஆன செலவு நூற்றுப் பதினேழு ரூபாய் ஒன்பது அணா.