ஒன்பதாம் எண் கதையின் விளக்குக்காரி

எங்கள் வாசகர் குழுவில் நடுவர் பதவி மரியாதை இல்லை, தண்டனை. போன ஆண்டுக் கதைப் போட்டியில் கடைசி இடம் பிடித்தவர் இந்த ஆண்டு நடுவர். அவர் எழுதக் கூடாது. மற்றவர்கள் எழுதியதையெல்லாம் இரண்டிரண்டு முறை படித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் கருத்து எழுத வேண்டும். அவர் கதையிலிருந்து ஒரு வருடமாவது மற்றவர்களுக்கு விடுதலை என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் நல்லெண்ணம். எனக்கு இந்தப் பதவி இரண்டாவது முறையாகக் கிடைத்திருந்தது.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஏழு பாகம் கொண்ட ஒரு டிராகன் நாவல்மீது எல்லோருக்கும் பைத்தியம். அந்தக் கோட்டையையும் ஆட்களையும் இரவல் வாங்கி நாங்களே கதை கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சலவைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் கூடுவோம். கீழே இஸ்திரி இயந்திரம் ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். டிராகன் கதைக்குப் பொருத்தமான இடம் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். வாடகை குறைவு என்பது உண்மையான காரணம்.

மற்ற ஆறு நாளும் எனக்குக் கண்ணாடிக் கடை. கனமான சோதனை ஃப்ரேமை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது என் பிழைப்பு. கதைகளையும் அப்படித்தான் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தேன். மூன்றாம் எண் தெளிவா, ஏழாம் எண் தெளிவா? கதைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பார்வையில் குறை இருப்பது கதைக்கா எனக்கா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஒரு கதை எழுதினேன். அதில் நாவலிலேயே இல்லாத ஒருத்தியைக் கொண்டுவந்தேன். கோட்டை முழுக்க விளக்கேற்றுகிறவள், ஆனால் கிட்டப்பார்வைக்காரி. டிராகன் தன் செதில் ஒன்றைத் தேய்த்து அவளுக்குக் கண்ணாடி செய்து தருகிறது. அவள் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்கிறாள். அதோடு கதை முடிந்தது. அன்றைக்கு நடுவராக இருந்த பல் டாக்டர் எழுதிய கருத்து: "யார் இந்த விளக்குக்காரி? கடைக்கு விளம்பரமா?" கடைசி இடம். போதாக்குறைக்கு, நாவலில் இல்லாத பாத்திரம் வந்தால் கதை போட்டியிலிருந்து வெளியே என்று புது விதியும் போட்டார்கள். கைதூக்கி ஆதரித்தவர்களில் நானும் உண்டு. ரோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

எட்டு வருடமாக எழுதுகிறேன். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒரே ஒருவர் கேட்டால் போதும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பரிசெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த நிலையில் ஒன்பதாம் எண் கதையைப் பிரித்தால், முதல் வரியிலேயே விளக்குக்காரி நிற்கிறாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கண்ணாடி போட்டவள் முதலில் டிராகனைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்க்கிறாள். கை நிறையச் சுட்ட தழும்புகள். இத்தனை தழும்பு இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். இருபது வருடமாகக் கண்ணாடி விற்கிறேன்; புதுக் கண்ணாடி போட்டதும் எத்தனையோ பேர் தங்கள் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். எழுதும்போது எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த நிமிடமே கோபம் வந்தது. இது பல் டாக்டர் வேலையாகத்தான் இருக்க வேண்டும். மனிதர் என்னை எப்போது பார்த்தாலும், "உங்க விளக்குக்காரி சௌக்கியமா?" என்று கேட்டுப் பல்லைக் காட்டுவார். என் கதையால் வந்த விதியை வைத்தே என்னைச் சோதிக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

மனைவியிடம் சொன்னேன். சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "பல்லிக்கு றெக்கை முளைச்சு நெருப்பு கக்கினா சரி, விளக்கேத்த ஒருத்தி வந்தா தப்பா?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"கதை நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

நன்றாக இருந்தது. பதினொன்றில் அதுதான் முதல். அதைச் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன்.

முடிவு சொல்லும் ஞாயிறு. கடைசியாக ஒன்பதாம் எண்ணை எடுத்தேன். என் கருத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன்: "இல்லாத ஒருத்தியை வைத்துக் கிண்டல் செய்திருப்பவருக்குக் கற்பனைப் பஞ்சம். விதிப்படி வெளியே." வாசித்துவிட்டுப் பல் டாக்டரைப் பார்த்தேன். அவர் பாவம், தன்னுடைய ஏழாம் எண்ணுக்கு முதல் பரிசு வந்த மகிழ்ச்சியில் இருந்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நகரப் பேருந்து ஓட்டுபவர், அந்த வருடம்தான் சேர்ந்தவர். "சார், நான் கிண்டல் எதுவும் பண்ணலை. பழைய போட்டிக் கதைகளை ஒண்ணா தைச்சுக் கொடுத்தீங்களே, அதுலதான் அவளைப் படிச்சேன். டிப்போல அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கறப்ப திரும்பத் திரும்பப் படிச்சேன். அவ நாவல்லயே இருக்கான்னு நினைச்சிட்டேன். அவளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியணும்போல இருந்துச்சு. யாரும் எழுதலை. அதான் நானே எழுதினேன்."

எட்டு வருடமாகக் காத்திருந்த கேள்வியைக் கேட்டாயிற்று, அதுவும் கேட்டவரைத் துரத்தின பிறகு.

பல் டாக்டர் அன்றைக்குப் பார்த்து உண்மையாகவே உதவ நினைத்தார். "அம்மா, அந்தக் கதையை எழுதினதே இவருதாம்மா!"

அந்தப் பெண் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். என் கையில் இருந்த கருத்துத் தாளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்போ நீங்களேவா சார் அவளை வெளிய அனுப்பினீங்க?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையது, கிண்டல் என்று எழுதியதை அடித்துவிடுகிறேன் என்றேன். அடித்தேன். ஆனால் விதியை அடிக்க நடுவருக்கு அதிகாரம் இல்லை. வெளியே போன கதைக்குக் கடைசி இடம். ஆகவே அடுத்த ஆண்டு நடுவர் அந்தப் பெண்தான்.

இப்போது கடையில் ஆள் வராத நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விளக்குக்காரி தழும்புக் கையோடு கோட்டைப் படியில் ஏறுகிறாள். விதி மாறவில்லை, இந்தக் கதையும் வெளியேதான் போகும். ஆனால் வெளியே தள்ளுவதற்கு முன் நடுவர் இரண்டு முறை படித்தாக வேண்டும். அதுவும் விதிதான்.