டை ஒண்ணு, பீஸு ஒண்ணு

அச்சிலிருந்து மூடி விழுந்ததும், அது கீழே சேர்வதற்குள் துலுக்காணம் ஒரு கையால் ஏந்திவிடுவார். நல்ல மூடி என்றால் மேசைக்குப் போகும். ஓரத்தில் பிசிறோ நடுவில் கரும்புள்ளியோ இருந்தால் மணிக்கட்டை ஒரு சுழற்று. மூடி ஷெட்டின் மொத்த நீளத்தையும் கடந்து, ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்து, எதிர்ச்சுவர் ஓரமாக வைத்திருக்கும் கழிவுப் பெட்டியில் போய் விழும். விழுந்ததா என்று திரும்பிப் பார்க்க மாட்டார். சத்தத்தைக் காது வாங்கிக்கொள்ளும். அதற்குள் கை அடுத்த மூடிக்குப் போயிருக்கும்.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஷெட். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியும் அதற்கு மூடியும் அங்கே தயாராகின்றன. இட்லி மாவு அரைத்து விற்பவர்கள் வாங்கிப் போகிற வாளி. துலுக்காணத்துக்கு வயது நாற்பத்தேழு. குடும்பத்து நிலம் மனைகளாகப் பிரிந்ததில் இரண்டு வீடு வாடகைக்குப் போகிறது, வேலைக்கு வந்தே தீரவேண்டும் என்றில்லை. "வூட்ல குந்திகினு இன்னா பண்றது?" என்பார். உண்மையில் மெஷின் சத்தம் இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கமே வராது. பத்தொன்பது வருஷத்தில் ஷிஃப்ட் நடுவே ஒரு தடவைகூட மெஷினை நிறுத்தியதில்லை என்பது அவருடைய பெருமை. அவசரத்துக்கு அமுக்கும் சிவப்புப் பொத்தானின் மேல் தூசி கெட்டியாகப் படிந்திருக்கும். அதை யாராவது துடைக்கப் போனால்கூட முறைப்பார்.

அவருக்கென்று ஒரு வேதவாக்கு உண்டு. "டை ஒண்ணு, பீஸு ஒண்ணு." டை என்றால் அச்சு. அச்சு மாறாதவரை அதிலிருந்து வரும் பொருளும் மாறாது என்பது அவர் கட்சி. கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதல் வேலையாக நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் என்ன அச்சு எண் போட்டிருக்கிறது என்று பார்ப்பார். தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் சித்தப்பாவை எழுப்பி நிற்கவைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவிழ்த்தவர் இவர். அந்தச் சம்பந்தம் ஏன் நின்றது என்று இவரிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

இந்த வேதவாக்கால் அடி வாங்கியவள் சுபத்ரா. கோவளத்தில் பிறந்து கூடுவாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டவள், முப்பது வயசு. ஷெட்டில் சோதனை மேசை அவளுடையது. அளவுகோல் ஒன்று கொடுத்திருந்தார்கள், அதை அவள் தொடுவது அபூர்வம். மூடியைக் கையில் எடுத்து நடுவில் கட்டைவிரலால் ஓர் அமுக்கு, ஓரத்தில் ஒரு தடவல். அவ்வளவில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அம்மாவோடு மீன் விற்று வளர்ந்த கை அது.

போன மாதம் பச்சை மூடிக்குப் பெரிய ஆர்டர் வந்தது, எல்லாம் அவசரம். பிளாஸ்டிக் உருகி அச்சுக்குள் போனபின் ஆறுவதற்கு அதுவரை பதினெட்டு நொடி விடுவது வழக்கம். அதைப் பதினைந்தாகக் குறைத்தவர் துலுக்காணம்தான். இரண்டாம் நாளே சுபத்ரா அவர் முன்னால் வந்து நின்று, பச்சை மூடி நடுவில் உப்புகிறது, ஒரு பக்கம் உட்கார மறுக்கிறது, இதை அனுப்பக்கூடாது என்றாள். துலுக்காணம் மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். ஷெட்டில் இருந்த பதினோரு பேருக்கும் கேட்டது.

"டை அதே டைதான். மாறுனது உன் கையி. இது மீனு இல்லம்மா, அமுக்கிப் பாக்கறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். துலுக்காணத்தின் சொல்லுக்கு முதலாளி மறுசொல் சொல்லாதவர். அன்று மாலையே சுபத்ராவை லேபிள் ஒட்டுகிற மூலைக்கு மாற்றிவிட்டார்கள். நான்கு வாரமாக அவள் அங்கேதான் குனிந்த தலையோடு வாளிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். சோதனை மேசை காலி. மூடிகள் யாரும் அமுக்கிப் பார்க்காமலே லாரி ஏறிக்கொண்டிருந்தன.

இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு பிறவி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன், ஷெட்டின் பின்பக்கம் கழிவு மூடிகளைக் காம்பவுண்டுக்கு மேலே பறக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவரை ஸ்கூட்டரில் போன ஒரு பெண் நின்று பார்த்தாள். ப்ரியா. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. ஓய்வு நாளில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏரிக்கரையில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவள். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளை ஆங்காங்கே நட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் தட்டை வீசி வீசி, குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். துலுக்காணம் முதல் நாள் வீசியதைப் பார்த்துவிட்டு ப்ரியா அன்றே அவரையும் சேர்த்துக்கொண்டாள்.

அவர் கைக்கு வாய்த்தது ஒரு மஞ்சள் தட்டு. தூரத்துக்கு வீசுகிற கூர்விளிம்புத் தட்டு, 'டிரைவர்' என்பார்கள். வலது கையால் குறுக்கே இழுத்து வீசினால் நேராகப் போகும், வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்து வந்து உட்காரும். கடைசிக் கூடை ஏரி வளைகிற இடத்தில், கரைமேல் இருக்கிறது. மற்றவர்கள் கரையோரமாகவே இரண்டு வீச்சில் சுற்றிப் போவார்கள். துலுக்காணம் தண்ணீருக்கு மேலே நேராக விடுவார். மஞ்சள் ஏரியைக் கடந்து, கடைசி நேரத்தில் இடப்பக்கம் திரும்பிக் கரையேறும். "வூடு தெரியும் அதுக்கு" என்பார், நாய்க்குட்டியைச் சொல்வதுபோல.

அந்த மஞ்சள் தட்டு ஒரு நாள் ஏரிக்கரை மோட்டார் ரூம் சுவரில் மோதி விளிம்பு பிளந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி அங்காளம்மா சொன்னாள். ப்ரியா புதிதாக ஒன்று வரவழைத்துக் கொடுத்தாள். அதே பெயர், அதே மஞ்சள், அதே முத்திரை. துலுக்காணம் அதை ஷெட்டுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக்கில் கலக்கும் கலர் குருணையை நிறுக்கிற தராசில் வைத்தார். நூற்று எழுபத்து மூன்று கிராம். பழையதும் அதேதான். அவர் முகம் மலர்ந்தது. நாலு வீச்சு பழகிப் பாருங்கள் என்று ப்ரியா போனில் சொன்னதற்கும் டை ஒண்ணு பீஸு ஒண்ணு என்றே பதில் சொன்னார். ஏரிக்கரையில் நடக்கவிருந்த போட்டி நாள்வரை அதை ஒரு தடவைகூட வீசிப் பார்க்கவில்லை.

போட்டி போன ஞாயிறு காலை. கடைசிக் கூடைக்கு வந்தபோது துலுக்காணம் ஒரு வீச்சு முன்னால் இருந்தார். வழக்கம்போலத் தண்ணீருக்கு மேல் நேராக இழுத்து விட்டார். விட்ட கையோடு, திரும்பிப் பார்க்காமல் பையை எடுக்கக் குனிந்தார், அது அவர் பழக்கம். காது சங்கிலிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. வந்தது தண்ணீர்ச் சத்தம்.

நிமிர்ந்தார். மஞ்சள் கரைப்பக்கம் வரவே இல்லை. வலப்பக்கமாகப் புரண்டு, நடு ஏரியைப் பார்க்கப் போய் விழுந்திருந்தது. துலுக்காணத்துக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. காற்று என்றார். ஓர் இலைகூட அசையவில்லை. சட்டைக் கை மாட்டிக்கொண்டது என்றார். கோப்பை யாருக்குப் போனது என்றுகூட அவர் கேட்கவில்லை. பேன்ட்டைச் சுருட்டிவிட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் ஆகாயத்தாமரையை விலக்கி, காலால் துழாவித் துழாவித் தட்டை எடுத்து வந்தார். காய்ந்த திடலில் நின்று மறுபடி வீசினார். வலப்பக்கம். இன்னொரு தடவை. வலப்பக்கம். நான்காவது வீச்சும் வலப்பக்கம்தான்.

பிளந்த பழைய தட்டை அவர் தூக்கி எறிந்திருக்கவில்லை, பையிலேயே இருந்தது. மதகுச் சுவர் மட்டமாக இருந்தது. இரண்டையும் அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்தார். பழையது தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. புதியதற்கு நடுவில் உப்பல். விளிம்பும் ஒரு நகக் கனம் கீழே இறங்கியிருந்தது. கட்டைவிரலால் நடுவில் அமுக்கினார். அமுங்கி மேலே வந்தது.

"ஒரே மோல்டுதான்ணா, ஆனா ரன் வேற" என்றாள் ப்ரியா. "ஒவ்வொரு தடவை போடும்போதும் பிளாஸ்டிக் கொஞ்சம் மாறும், ஆறுற டைம் மாறும். நாங்கல்லாம் தடவிப் பாத்துட்டுதான் எடுப்போம். உங்களுக்குப் போய் சொல்லணுமான்னு விட்டுட்டேன். நீங்க இந்தத் தொழில்லயே இருக்கீங்க."

ஆறுகிற நேரம். துலுக்காணம் அப்படியே மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஈரப் பேன்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை என்று ப்ரியா பயந்துபோய் சோடா வாங்க ஆள் அனுப்பினாள். பதினெட்டைப் பதினைந்தாக்கிய அந்த விரலை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எங்கோ வீசிய தட்டு வந்து தன் நெஞ்சில் அடித்ததுபோல இருந்தது என்று பின்னால் அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர் நேரே சமையலறைக்குள் நுழைந்தார். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே அச்சு எண் போட்ட இரண்டு டப்பா, ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் உளுந்து. மூடிகளைக் கழற்றி மாற்றிப் போட்டார். மூடவில்லை. அமுக்கினார், மறுபக்கம் எழும்பியது.

"அது அந்த டப்பா மூடி இல்ல" என்றாள் அங்காளம்மா, அடுப்பைவிட்டுத் திரும்பாமலே. "எந்த மூடி எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ ஏன் பேஜார் பண்ற?"

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். கல்யாணமான நாள் முதலாய் என்றாள். சொல்லியிருக்கலாமே என்றதற்கு, சொன்னால் நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டுவாய் என்றாள். துலுக்காணம் இரண்டு மூடியையும் அதனதன் டப்பாவில் வைத்து அமுக்கினார், இரண்டும் உட்கார்ந்தன.

திங்கட்கிழமை காலை மெஷின் பச்சை மூடிகளைத் துப்பிக்கொண்டிருந்தது. வெளியே லாரி நின்றது, பாதி ஏற்றியாகிவிட்டது. துலுக்காணம் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல நின்றார். விழுந்த முதல் மூடியை ஏந்தினார். அதை எங்கேயும் வீசவில்லை. இன்னொரு கையின் கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானின் தூசியை ஒரு தடவை துடைத்தார், அமுக்கினார்.

ஷெட்டில் அப்படி ஓர் அமைதியை அங்கே யாரும் கேட்டதில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. மின்சாரம் போய்விட்டதா என்று டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தவர்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். துலுக்காணம் யாரையும் பார்க்காமல் லேபிள் மூலைவரை நடந்தார். சுபத்ரா விரல் நுனியில் ஒட்டிய லேபிளோடு எழுந்து நின்றாள்.

"ஆறற டைமை மூணு செகண்டு கொறச்சது நானு" என்றார். மெஷின் சத்தம் இல்லாததால் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை, பதினோரு பேருக்கும் கேட்டது. "உன் கை மாறல. நாந்தான் தப்பு. இதப் பாத்துச் சொல்லு, லாரி நிக்குது."

சுபத்ரா லேபிளை வாளியில் ஒட்டி, ஓரங்களை நீவிவிட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான்கு வாரமாகக் காலியாகக் கிடந்த சோதனை மேசைக்கு நடந்துபோய் உட்கார்ந்தாள். துலுக்காணம் பின்னாலேயே போய் மூடியை நீட்டினார். அவள் தொடப் போய், சூடு தெரிந்து விரலை இழுத்துக்கொண்டாள்.

"ஆறட்டும்ணா."

அவர் மூடியை மேசைமேல் வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, சூடு தாங்காமல் விரல்களை மாற்றி மாற்றிக்கொண்டு, அவள் கை நீளும்வரை அப்படியே நின்றார்.