பிப்ரவரி 29-க்கு ஒரு வார்த்தை

பர்வீனுக்குச் சிவகாசியில் கேலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிற வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தியவர் அண்ணன் அப்துல் ஹலீம். பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்த அவருக்குத் தங்கையின் வேலைமேல் மரியாதையே கிடையாது. "அடுத்தவன் எழுதுனத வாசிக்கிறதுக்கு ஒரு சம்பளமா?" என்பார். ஏழு வருடமாக இதே பேச்சு. தான் எழுதியது என்று ஒரு வரியாவது அச்சில் காட்டி அவர் வாயை அடைக்கவேண்டும் என்பது அவளுக்குப் பிடிவாதமாகவே ஆகிப்போனது.

2007 ஆடியில் அதற்கு வழி பிறந்தது. அடுத்த ஆண்டின் தினசரி கேலண்டரில் தேதிக்குக் கீழே நாளுக்கு ஒரு ஆங்கில வார்த்தை, தமிழில் பொருள். ஒரு வாத்தியார் எண்ணி முந்நூற்று அறுபத்தைந்து வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். 2008 லீப் வருடம் என்பது அவ்வளவு படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. பிப்ரவரி 29-இல் ராகுகாலம் இருந்தது, எமகண்டம் இருந்தது, வார்த்தைக் கட்டம் மட்டும் காலி. அன்று சாயங்காலமே அச்சுக்குப் பிளேட் போட்டாகவேண்டும்.

பர்வீன் பிரஸ்ஸின் தடித்த அகராதியைப் புரட்டி 'ஃபிஸ்கிக்' என்ற வார்த்தையைப் பிடித்தாள். மேனேஜர் பாலகுரு முகத்தைச் சுளித்தார்.

"இப்பிடி ஒரு வார்த்த இருக்காம்மா?"

"இருக்கு சார். மொதப் பாதி சீறுற சத்தம். ரெண்டாவது பாதி பம்பரமாச் சுத்துறது. அந்தக் காலத்துல ஒரு எடத்துல நிக்காத பொம்பளப்பிள்ளையத்தேன் மொதல்ல இப்பிடிச் சொல்லியிருக்காக. பொறகுதேன் சீறி வெடிக்கிற சின்ன வெடிக்கு இந்தப் பேரு வந்திருக்கு."

முதல் பாதிக்கு அகராதி சந்தேகத்தோடு இன்னொரு மூலமும் சொல்லியிருந்தது: வயிற்றிலிருந்து பிரியும் காற்று. அதைப்பற்றி அவள் மூச்சு விடவில்லை.

"வெடின்னு வருதுல்ல, போடு," என்றார் பாலகுரு.

பிப்ரவரி 29, வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகும் வழியில் பர்வீன் வேண்டுமென்றே அண்ணன் கடையில் போய் நின்றாள். அப்துல் ஹலீம் சுவரில் தொங்கிய அவள் பிரஸ் கேலண்டரில் முந்தைய நாளைக் கிழித்துவிட்டு, வழக்கம்போல் உரக்க வாசித்தார்.

"ஃபிஸ்கிக். துடுக்குக்காரப் பெண், சீறிச் சுற்றும் சின்ன வெடி. நம்மூருக்குன்னே எழுதுன மாதிரில்ல இருக்கு. எழுதுனவன் கெட்டிக்காரந்தேன்."

"எழுதுனது நாந்தேன் அண்ணே."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரும்பிச் செருப்புப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இவர் என்ன குறைந்தா போய்விடுவார் என்று பர்வீனுக்கு ஆற்றாமையாக இருந்தது. பஸ்ஸில் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைப்பக்கம் வந்தபோது, உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "என்ன பாய், இன்னும் இருபத்தொம்பதுலயே நிக்கிறீக? தேதியக் கிழிக்கலையா?"

"அது கெடக்கட்டும்," என்றார் அப்துல் ஹலீம். "தேதி வேணும்னா பக்கத்துக் கடையில பாருங்க."