பூவாளி இருந்தால் உள்ளே விடுவான்

செங்கமலத்துக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அவள் பாத்திரம் விளக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான், இப்போதே உள்ளே போகலாமா, இன்னொரு பீடி குடித்துவிட்டுப் போகலாமா என்று புருஷன் கண்ணையன் முடிவு செய்வான்.

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவர்கள். இந்த 1964-ஓடு அவர்கள் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. நகரியத்துக்கு வெளியே கீற்றுக் கொட்டகை. அவனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவளுக்குப் பூங்காவில் தண்ணீர் ஊற்றும் வேலை, அதுவும் கான்ட்ராக்ட்தான். அங்கே இருக்கிற புல் தானாக முளைத்ததில்லை. கட்டாந்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வேராக ஊன்றி, இரண்டு கோடை பூவாளியைத் தூக்கித் தூக்கிச் செங்கமலம் வளர்த்தது. இப்போது பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ்காரர்கள் குடும்பத்தோடு வந்து அதில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள்.

ஒரே ஒரு சாயங்காலம் தன் பிள்ளைகள் அந்தப் புல்லில் உருள வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். ஷிப்டு விடவில்லை. அவனுக்கு ஓய்வென்றால் அவளுக்கு வேலை, அவளுக்கு ஓய்வென்றால் அவனுக்கு வேலை. ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஒன்றாக வாய்த்தது. தூக்கு நிறையப் புளிச்சோறு வைத்தாள். மூத்தவள் வீராயிக்குப் பின்னல் போட்டாள். சின்னவன் அய்யனாரின் சட்டையில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு குத்தினாள். கண்ணையன் கரி போகத் தேய்த்துக் குளித்ததில் கரியோடு கொஞ்சம் தோலும் போயிருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் தங்கராசு. தினமும் காலையில் "வா செங்கமலம்" என்று திறந்துவிடுகிறவன். இன்று குடும்பத்தையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்த பிளாக் என்று கேட்டான்.

நகரியத்தில் ஊர் பேரெல்லாம் அப்புறம்தான், முதலில் பிளாக் நம்பர். கீற்றுக் கொட்டகைக்கு ஏது நம்பர்? கண்ணையன் பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், அதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா? அந்த பிளாக்கில் இன்னும் ஒரு வீடுகூடக் கட்டவில்லை, அளந்து கல் மட்டும்தான் நட்டிருந்தார்கள்.

"அங்க ஓணான்தான் குடியிருக்குது. நீயும் அதுங்ககூடவா இருக்கிற?" என்றான் தங்கராசு.

அய்யனார் சிரித்துவிட்டான். கண்ணையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அதைத்தான் செங்கமலத்தால் தாங்க முடியவில்லை.

"ஏண்ணே, நேத்து எந்த பிளாக்குன்னு என்னைக் கேட்டியா?"

"நேத்து கையில பூவாளி இருந்துது. இன்னிக்கு சோத்துத் தூக்கைத் தூக்கிகினு வந்து நிக்கிற. உள்ள பெரிய மனுசங்க உக்காந்துகினு இருக்காங்க. என் பொழப்பக் கெடுக்காத."

அப்படி ஒரு சட்டத்தை யாரும் அவனிடம் சொன்னதில்லை. யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவனாகப் போட்டுக்கொண்டது. இத்தனைக்கும் அவனும் கொட்டகைதான், இவர்களுக்கு நாலு கொட்டகை தள்ளி.

செங்கமலம் திரும்பினாள். கேட்டுக்கு வெளியே இருந்த பூட்டில்லாத சாமான் அறைக்கு விறுவிறுவென்று போனாள். நாலு பூவாளியோடு வந்தாள். புருஷன் கையில் ஒன்று, பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று. அய்யனாருக்கு அது இடுப்பு உயரம் இருந்தது.

"இப்ப வுடு."

தங்கராசு வாயைத் திறந்தான், மூடினான், கேட்டைத் திறந்தான். வேலைக்கு வந்தவர்களை எப்படித் தடுப்பது?

குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேரே நடுப்புல்லுக்குப் போனாள். ஜமுக்காளம் விரித்து நாலைந்து குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. தினமும் ஊற்றுகிற மாதிரியே ஓரத்திலிருந்து ஒழுங்காக ஊற்றிக்கொண்டு வந்தாள். யார்மேலும் ஒரு துளி தெறிக்கவில்லை. ஈரம் மட்டும் ஜமுக்காளங்களைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தது. பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகூடவா என்று சலித்துக்கொண்டு எழுந்தாள்.

"புல்லுக்கு ஏதுங்கம்மா ஞாயித்துக்கெழம," என்றாள் செங்கமலம், ரொம்ப மரியாதையாக.

நாலு பூவாளிக்கு முன்னால் ஜமுக்காளம் எவ்வளவு நேரம் தாங்கும்? கால் மணி நேரத்தில் நடுப்புல் காலி. அந்த ஈரத்திலேயே குடும்பத்தை உட்கார வைத்தாள்.

"குளிருதுடி," என்றான் கண்ணையன்.

"உக்காரு."

உட்கார்ந்தான். பிள்ளைகள் இரண்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டன. பின்னல் அவிழ்ந்தது, ஊக்கு எங்கேயோ விழுந்தது. செங்கமலம் திட்டவில்லை. விரலால் புல்லை அளைந்துகொண்டே, பெயர்ந்திருந்த ஒரு வேரை மண்ணுக்குள் அழுத்திவிட்டாள்.

தூக்கைத் திறந்தபோதும் அவள் கோபம் ஆறவில்லை. கேட்டடியில் தங்கராசு இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவனும் காலையிலிருந்து நிற்கிறவன்தான். தூக்கு மூடியில் புளிச்சோறு அள்ளி வைத்து அய்யனாரைக் கூப்பிட்டாள்.

"அந்தாளுகிட்ட போ. எந்த பிளாக்குன்னு கேளு. பதில் சொன்னப்புறம் குடு."