நீ எடுத்திருக்கணும்

கொட்டாரத்து டீக்கடையில் மழைச் சாரலுக்கு மறைவாகச் சாய்த்திருந்த பழைய கரும்பலகையின் சாக்பீஸ் நெடி, இன்று செல்போன் கடையாகிவிட்ட அந்த டியூஷன் ஓலைக் கொட்டகையை, அதன் ஈரப்பாய் வாடையோடும் ஸ்கேல் அடிச் சத்தத்தோடும் இழுத்துவந்து என் டீயைக் கசக்க வைத்தது.

இங்கிலீஷில் ஊகித்துச் சொல்வது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்த சார், தன் பேனாவைக் காணாமல் என்னை முறைத்தார்.

“ஏலே, மஸ்ட் ஹேவ் டேக்கன். நீ எடுத்திருக்கணும்.”

அவர் இலக்கணத்தில் அதற்கு ‘நீதான் எடுத்திருப்பாய்’ என்று அர்த்தமாம். என் மரமண்டைக்கு ‘எடுக்காமல் விட்டாயே’ என்றுதான் கேட்டது.

“எடுத்திருக்கணும் சாரே, தோணாமப் போச்சு.”

திருடன் என்று அடித்துத் துரத்தினார். என் படிப்பு அதோடு முடிந்தது.

மறுநாள் பேனா அவர் சைக்கிள் கூடையிலேயே கிடைத்ததாம். “விழுந்திருக்கும்” என்றாராம். பேனாவை அடித்ததாகத் தகவல் இல்லை.