காக்கிக்குள்ளே ஒரு சாக்கு

சவரிநாதனுக்குக் குளிர் ஆகாது. வாலிபமெல்லாம் துறைமுகத்து நீராவிக் கிரேனில் பாய்லருக்குக் கரி தள்ளியவர். அந்த அனலில் வெந்து பழகிய தோலுக்கு வெளியே அடிக்கிற காற்றெல்லாம் வாடைக்காற்றுதான். ஊரே விசிறிக்கொண்டிருக்கும் புரட்டாசியில் அவருக்குப் பல் கிட்டும். கிரேன் கரண்டுக்கு மாறியதும் வேலை போயிற்று.

1953 டிசம்பரில் ராயபுரத்துத் தபாலாபீஸ் ஒன்றில் அவரை சீசன் தபால்காரராக எடுத்தார்கள். கிறிஸ்மஸ் வாழ்த்து, புதுவருஷ வாழ்த்து, பொங்கல் வாழ்த்து என்று மூட்டை மூட்டையாக வந்து விழும் காலம் அது. பொங்கல் முடிந்ததும் சீசன் ஆட்களை அனுப்பிவிடுவார்கள். ஒருவரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள். அந்த ஒரு இடத்துக்காக சவரிநாதனும் அவர் மனைவி பிலோமியும் அந்தோணியாருக்கு ஏற்றிய மெழுகுவத்தியில் கோயிலே சூடேறியிருக்கும்.

விடியுமுன் கடற்கரை ஓரமாக நடந்து ஆபீசுக்குப் போகவேண்டும். மப்ளரோ கம்பளியோ காக்கிக்கு மேலே தெரியக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம்.

"மேலதான கூடாது? உள்ள இன்னா கீதுன்னு எவன் வந்து பாக்கப் போறான்?" என்றாள் பிலோமி.

பனியனுக்கு மேல் முன்னும் பின்னும் பழைய பேப்பர். அதற்கு மேல், தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிய சர்க்கரைச் சாக்கு. அதற்கு மேல் அவள் பின்னிய ஸ்வெட்டர். வயிற்றைச் சுற்றி மப்ளர். எல்லாவற்றையும் மூடக் காக்கிச் சட்டை. ஆபீசில் இரவல் கொடுத்த அந்தச் சட்டை யாரோ ஒரு பருத்த மனுஷனுக்குத் தைத்தது. சவரிநாதன் அதைப் பொத்தான் தெறிக்க நிரப்பினார்.

ஆனால் இது மெட்ராஸ். தபால் பையோடு தெருவில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். கழற்றினால் வைக்க இடமில்லை, பை முழுக்க வாழ்த்து அட்டை. அதனால் வழியிலேயே ஏற்பாடு செய்துகொண்டார். மப்ளரும் ஸ்வெட்டரும் ஆசீர்வாதம் அண்ணாச்சியின் மளிகைக் கடையில், வாழைத்தார்க் கயிற்றில் தொங்கும். சாக்கும் பேப்பரும் காசிமேட்டு அடைக்கலமேரி வீட்டில். அவள் கருவாடு விற்பவள். பேப்பரில் கருவாடு மடிப்பாள். பகலெல்லாம் சாக்கை விரித்து அதில் உப்பு மீன் காயவைப்பாள். சாயங்காலம் உதறிக் கொடுப்பாள். உதறினால் மீன்தான் போகும், வாடை போகுமா?

பொங்கலுக்கு முந்தின வாரம் தபால் இன்ஸ்பெக்டர் சுப்புராயன் ஆபீசில் வந்து நின்றார். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. "இன்று உம்மோடு நடந்து பார்க்கப் போகிறேன். யாரை நிரந்தரமாக்குவது என்று நான்தான் சொல்லவேண்டும்."

இன்றைக்கென்று கழற்ற முடியாது. சவரிநாதன் நடந்தார்.

மளிகைக் கடையில் அண்ணாச்சி வழக்கம்போல் இரண்டு கையையும் நீட்டினார். "என்ன வே, இன்னைக்கு ஒண்ணும் கழட்டலையா?"

சவரிநாதன் கண்ணால் கெஞ்சி, அந்தக் கைகளில் ஒரு பொங்கல் வாழ்த்தைத் திணித்துவிட்டு ஓடினார்.

"எதைக் கழற்றச் சொல்கிறார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செருப்ப சார். கடை வாசல்ல சாமி படம் கீது."

வெயில் ஏறியது. வேர்வையில் சாக்கு ஊறியது. ஊறிய சாக்கு, உள்ளே வைத்திருந்த வாசனையையெல்லாம் வெளியே விட்டது. முதலில் ஒரு நாய் பின்னால் வந்தது. அது போய்த் தன் உறவுக்காரர்களைக் கூட்டிவந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சுளித்தார். "யாரோ தபாலில் கருவாடு அனுப்பியிருக்கிறான்!" பையை இறக்கச் சொல்லி, நடுத்தெருவில் குந்தி, பொங்கல் வாழ்த்துக்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். நாய்களும் உதவிக்கு வந்தன. கருவாடு அகப்படவில்லை.

கடைசியில் அடைக்கலமேரி வீடு. வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா நைனா, இம்மா நேரம்? உப்பு போட்ட மீனு காத்துகினு கீது. சாக்க குடு!"

"இன்னிக்கு வாணாம்க்கா, ஆபீசரு…"

"ஆபீசரு வந்தா மீனு காயாதா?"

பேச்சோடு பேச்சாக அவள் காக்கியின் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். மப்ளர் அவிழ்ந்தது. ஸ்வெட்டர் வந்தது. சாக்கு வந்தது. நனைந்த பேப்பர் துண்டு துண்டாக உதிர்ந்தது. நடுவில், தோல் உரித்த வெங்காயம் மாதிரி சவரிநாதன் நின்றார். வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால், இன்ஸ்பெக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டில் வேர்வை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

அடைக்கலமேரி ஒரு சொம்பு நீராகாரத்தை நீட்டினாள். "நீயும் கயட்டிக் குட்த்துடு சாமி. சாயங்காலமா வந்து வாங்கிக்க."

இன்ஸ்பெக்டர் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். கழற்றிக் கொடுத்தார். பாதி வழியில் தலை சுற்றி, ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்குப் போனவர் கோட்டை மறந்தே போனார்.

மறுநாள் காலை பெரிய அதிகாரி ஆபீசுக்கு வருகிறார். கோட்டு இல்லாமல் அவர் முன்னால் எப்படி நிற்பது? சுப்புராயன் அஞ்சல் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். அங்கே சவரிநாதன் என்றைக்கும்விடப் பருத்து வந்து சேர்ந்தார்.

"கையில எடுத்துகினு வந்தா யாரு கோட்டுன்னு கேப்பாங்கோ சார். அதான்…" என்று காக்கியைத் திறந்தார். உள்ளே, சாக்குக்கு மேலே, கறுப்புக் கோட்டு.

"சீக்கிரம் கழற்றும்!"

அதிகாரி வந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன வாடை?"

"பொங்கல் சீசன் சார்," என்றார் சுப்புராயன், கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டபடி. "யாரோ தபாலில் கருவாடு அனுப்பியிருக்கிறான்."

"இந்த ஆள் எப்படி?" என்று சவரிநாதனைக் காட்டிக் கேட்டார் அதிகாரி.

"நம்பி ஒப்படைத்ததை வழியில் விடமாட்டார் சார்."

பொங்கல் கழிந்ததும் சவரிநாதன் நிரந்தரமானார். இனி இரவல் சட்டை இல்லை. ஆபீஸ் தையற்காரரிடம் போய்ச் சொந்த அளவு கொடுக்கவேண்டும்.

அன்று உச்சி வெயில். பிலோமி அவருக்குப் பேப்பர் செருகி, சாக்கு மாட்டி, ஸ்வெட்டர் போட்டு, மப்ளரை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, அளவெடுக்க அனுப்பிவைத்தாள்.