மாமனை மறைத்த லென்ஸ்

போட்டோ தொழில்ல இருக்கறவனுக்கு முதுகுவலி நிச்சயம். அதைவிட நிச்சயம், 'அடுத்த லென்ஸ் மட்டும் வாங்கிட்டா நம்மள அடிச்சிக்க ஆளே இல்ல'ங்கற நெனப்பு. முதுகுவலிக்குத் தைலம் இருக்கு. ரெண்டாவதுக்கு மருந்து தெரிஞ்சா சொல்லுங்க சாமி. கேமரா இல்லன்னாலும் நீங்களும் எதையாவது வாங்கிக் குவிச்சவங்கதானே, வலி தெரியும்.

கள்ளக்குறிச்சியில என் ஸ்டுடியோ ஈ ஓட்டிக்கினு இருந்த நேரம். என் பொண்டாட்டி சுமதி கறாரா சொல்லிட்டா: வைகாசி முகூர்த்தம் முடியறதுக்குள்ள ஸ்டுடியோ தலையெடுக்கலன்னா, தியாகதுருகத்துல அவங்கப்பா நடத்தற உரக்கடையில போய் நான் உட்காரணும். எனக்குப் பூச்சிமருந்து வாசனையே ஆகாது. மாமனார் முகமும் அப்படித்தான். பயத்துல நான் செஞ்ச முதல் காரியம், புது லென்ஸ் வாங்கினது.

மாமன் எங்கே?

முகம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும், பின்னாடி இருக்கறதெல்லாம் கரைஞ்சு போயிடும். அதான் அந்த லென்ஸோட பெருமை. அதைத் தூக்கிக்கினு ரிஷிவந்தியம் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போனேன். தாய்மாமன் மேளதாளத்தோட சீர் கொண்டாந்தாரு. தட்டு வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது, கடைசியில ஒரு பீரோ. அத்தனையும் பொண்ணுக்குப் பின்னாடி. எடுத்தேன் பாருங்க, பொண்ணோட இமை முடியை ஒவ்வொண்ணா எண்ணலாம்!

ஆல்பம் குடுத்த அன்னைக்குத்தான் என் மரமண்டைக்கு ஏறிச்சு. யார் என்ன சீர் வச்சாங்கன்னு நாளைக்குப் பேச்சு வந்தா ஆல்பத்தைத்தானே பிரிப்பாங்க! என் ஆல்பத்துல தட்டெல்லாம் கலர் பொட்டு, பீரோ ஒரு பச்சைக் கறை, மாமன் வெறும் புகை. அந்தாளு பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு எழுந்தாரு: "யோவ் போட்டோக்காரரே, பீரோவ எறக்கி வச்சவன் நானு, என்னை இன்னாத்துக்குய்யா ஆவியா எடுத்து வச்சிக்கினு கீற? எங்க மச்சான் சொல்லிக் குடுத்தானா?"

கோழியை இறக்கு

லென்ஸ் கைவிட்டா என்ன, வானம் இருக்கேன்னு ட்ரோன் வாங்கினேன். கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கற படத்துக்காக ஒரு ஜோடியைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிக்கினு போனேன். மாப்பிள்ளை கோட்டு சூட்டு, பொண்ணு தரையில பொரள்ற கவுனு. "மேல பார்த்துச் சிரிச்சிக்கினே இருங்க"ன்னு சொல்லி ட்ரோனை ஏத்தினேன். ஏறினது ஏறினதுதான், மூட்டம் வந்து முழுங்கிடுச்சு. எனக்குத் திரையில ஒரே வெள்ளை. அது தெரியாம ரெண்டு பேரும் கழுத்து வலிக்க வலிக்க மேகத்தைப் பார்த்துச் சிரிச்சிக்கினு நிக்கறாங்க. பாவம், நல்ல புள்ளைங்க.

தேடிப் போனா, மரவள்ளிக் காட்டுக்கு அந்தாண்ட ஒரு மாட்டுக் கொட்டாயில, கன்னுக்குட்டி பக்கத்துல, என் ட்ரோனை முளையில கயித்தால கட்டிப் போட்டிருந்தாங்க. மறுபடியும் பறந்துடக் கூடாதாம். கட்டினது அந்த வூட்டுக்கார அம்மா. நான் கயித்தை அவுக்கப் போனேன், கையைத் தட்டிவுட்டாங்க: "கோழிங்க அத்தினியும் பயந்து பலா மரத்துல ஏறிக்கிச்சுங்க. மொதல்ல அதுங்கள எறக்கிவுடு, அப்பறம் இத ஓட்டிக்கினு போ."

தூரமா நில்லுங்க

பட்டது போதும்னு, களமருதூர்ல ஒரு காதுகுத்துக்குச் சின்ன கேமராவோட போனேன். வூட்டுக்காரர் என் கையைப் பார்த்தாரு. "இவ்ளோதானா? இதவிட எங்க சகலை போன் பெருசா கீதே"ன்னாரு. சுத்தி நின்ன சொந்தமெல்லாம் சிரிக்குது. ரோஷம் வந்துடுச்சு. வண்டியில கிடந்த, குருவிங்களைப் படம் புடிக்க வாங்கின முழ நீள லென்ஸை எடுத்து மாட்டினேன். கூட்டம் வாயைப் பொளந்துச்சு.

அந்த லென்ஸ்ல கிட்ட நின்னா ஒண்ணும் அடங்காதுன்னு உங்களுக்குச் சொல்லணுமா? பின்னாடி போய்ப் போய், ரோட்டைத் தாண்டி நெல் வயல்ல எறங்கி நின்னேன். முழங்கால் வரைக்கும் சேறு. அப்பவும் குழந்தை அடங்கல, மாமன் மடி அடங்கல, காது மட்டும்தான் அடங்குச்சு. வூட்டுக்காரருக்கோ வாயெல்லாம் பல்லு. வரப்பு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாரு: "பாக்கறதுக்கே கெத்தா கீதுங்க. சாப்பாட்ட இங்கியே அனுப்பறோம், நீங்க கிட்ட மட்டும் வந்துடாதீங்க!"

இன்னொரு முறை கட்டுங்க

வைகாசியோட கடைசி முகூர்த்தம், தியாகதுருகத்துல சுமதியோட சித்தப்பா பொண்ணு கல்யாணம். முதல் வரிசையில என் மாமனார். இதுல தேறினா ஸ்டுடியோ, தவறினா உரக்கடை. இருக்கறதையெல்லாம் வாரிக்கினு போனேன், போதாததுக்குக் கேமரா ஆடாம புடிக்கற புதுக் கைப்பிடி ஒண்ணு. கெட்டிமேளம் கொட்டற நேரத்துல அது என் கையில தலையாட்டி பொம்மையா ஆடுது. திருகைத் திருகி நிமிர்ந்தா, தாலி ஏறிடுச்சு. என் வாய் சும்மா இருந்துதா? "மாப்ள, அதை அவுத்துட்டு இன்னொரு வாட்டி கட்டுங்க"ன்னு கத்திட்டேன். மேளக்காரரே நிறுத்திட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் சுமதி தன்னோட கீறல் விழுந்த போனை நீட்டினா. பொம்பளைங்க நடுவுல உட்கார்ந்து எடுத்திருக்கா. நாத்தனார் மூணாம் முடிச்சு போடறா, பொண்ணு வாயில அட்சதை விழுந்து அடக்க முடியாம சிரிக்கறா, பின்னாடி பொண்ணோட அப்பா துண்டால மூஞ்சியைப் பொத்திக்கினு அழறாரு. எனக்கு வயிறு எரிஞ்சது. ஆனா கண்ணை எடுக்க முடியல, அப்படி ஒரு படம். சொந்தமெல்லாம் ஆல்பத்து மொதப் பக்கம் இதுதான்னுட்டாங்க. அங்கியே ரெண்டு பேர் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் குடுத்துட்டாங்க. ஸ்டுடியோ பொழைச்சிடுச்சேன்னு நான் பெருமூச்சு விட்டேன். சுமதி என் கழுத்துல தொங்கின பையைக் கழட்டிக்கினே சொன்னா: "ஸ்டுடியோவ மூட வாணாங்க, நான் பாத்துக்கறேன். நீங்க காலையில எங்கப்பா கடைக்குக் கெளம்புங்க."

இப்போ உரக்கடையில உட்கார்ந்திருக்கேன், வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான், ஆனா மாமனார்கிட்ட ஒரு புது டிஜிட்டல் தராசு கேட்டிருக்கேன், அது மட்டும் வந்துடட்டும், அப்பறம் பாருங்க!